டூலமீன்: ருசியைக் கைவிடாமல் உருவான ஒரு ராஸ்பெரி ரகம்

ராஸ்பெரிப் பழத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு குழி இருக்கும். குழந்தைகள் அதை விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு விளையாடுவார்கள். இந்தப் பழத்தை மேம்படுத்த இறங்கியவர்கள் எல்லோரும் போராடியது அந்தக் குழியோடுதான்.

நம் சீத்தாப்பழம் போலவே இதுவும் திரள்கனி. ஒரே பூவுக்குள் பல சூலகங்கள் இருக்கும். ஒவ்வொரு சூலகமும் ஒரு மணியாகத் திரளும், ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை. சீத்தாவில் மணிகளும் நடுத்தண்டும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. ராஸ்பெரியில் பழுத்ததும் மணிகள் தண்டை விட்டுக் கழன்றுவிடும். இழுத்தால் பழம் கையோடு வந்துவிடும், அந்தத் தண்டு ஒரு வெள்ளைக் கூம்பாகச் செடியிலேயே நிற்கும். (பிளாக்பெரியில் கூம்பும் பழத்தோடு வந்துவிடும். இரண்டு பழத்தையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.) கூம்பு போன பிறகு மணிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் அவற்றின் தோலில் இருக்கும் நுண்ணிய மயிர்கள்தான். அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன. மேலே மெல்லிய தோல், உள்ளே வெற்றிடம், தாங்கிப்பிடிக்க ஒன்றும் இல்லை. பறித்த சில நாளில் பழம் அமுங்கி, சாறு விட்டு, சாம்பல் பூசணம் பிடிப்பதில் வியப்பே இல்லை.

இப்படிப்பட்ட பழத்தைப் பெரிதாக்க வேண்டும், உறுதியாக்க வேண்டும், அதே நேரத்தில் தோட்டத்தில் நின்று தின்னும்போது இருக்கிற மணமும் இனிப்பும் போய்விடக்கூடாது. 1980-இல் கனடாவின் மேற்குக் கரையில் செய்த ஒரு கலப்பிலிருந்து அப்படியொரு ரகம் வந்தது. 1989-இல் அதை டூலமீன் என்ற பெயரில் வெளியிட்டார்கள். ராஸ்பெரி வளர்க்கும் பல நாடுகளில் இன்றும் புதிய ரகத்தின் ருசியைச் சொல்லும்போது "டூலமீன் அளவுக்கு வருமா?" என்று ஒப்பிடுகிறார்கள். அந்த ரகத்தை எடுத்துக்கொண்டு, அதில் என்ன கைகூடியது, எது கைவிட்டுப் போனது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று பார்க்கிறேன்.

இடமும் தேவையும்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஃபிரேசர் பள்ளத்தாக்கில், வான்கூவருக்குக் கிழக்கே அபாட்ஸ்ஃபோர்டைச் சுற்றி, ராஸ்பெரி வரிசை வரிசையாக நிற்கும். குளிர்காலத்தில் நல்ல மழை, கோடையில் மிதமான வெயில். எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களிலும் இதே பருவநிலைதான், இதே பயிர்தான். விளைச்சலில் பெரும்பகுதி உறைபழமாகவும் ஜாமாகவும் சாறாகவும் போய்விடும்.

அப்படிப் போகும் பழத்துக்கு வேண்டிய குணங்கள் வேறு. நிறம் அடர்ந்த சிவப்பாக இருக்க வேண்டும், புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும், இயந்திரம் உலுக்கினால் உதிர வேண்டும். கொஞ்சம் நசுங்கினாலும் யாருக்கும் கவலை இல்லை. ஆரிகனில் ஜார்ஜ் வால்டோ உருவாக்கி 1943-இல் வெளியிட்ட வில்லாமெட் ரகம் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. பல பத்தாண்டுகள் அந்தக் கரையோரம் முழுக்க அதன் ஆட்சிதான். ஆனால் அதே அடர்சிவப்புப் பழத்தைச் சின்னப் பெட்டியில் அடுக்கிக் கடையில் வைத்தால், வாங்க வருபவர் "பழசு போலிருக்கிறதே" என்று தள்ளிவிட்டுப் போவார். அப்படியே தின்னும் பழத்துக்கு வெளிர்ந்த, பளிச்சென்ற சிவப்பு வேண்டும். இரண்டு நாள் குளிர்பெட்டியில் இருந்த பிறகும் அது கறுக்கக்கூடாது.

கனடா அரசு வேளாண் துறையின் வான்கூவர் ஆய்வு நிலையத்தில் ஹியூ டாபெனி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக ராஸ்பெரி, ஸ்ட்ராபெரி ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டத்தின் ராஸ்பெரிகளுக்குப் பெரும்பாலும் மாகாணத்தின் ஊர், ஆறு, தீவு, பழங்குடி மக்கள் ஆகியோரின் பெயர்களே: ஹைடா, நூட்கா, ஸ்கீனா, சில்லிவாக், காமாக்ஸ். டூலமீனும் அந்த மாகாணத்தில் ஓடும் ஓர் ஆறு. அந்த மண்ணின் பழங்குடியினர் மொழியில் செம்மண் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

பெற்றோர்

டூலமீனின் தாய் நூட்கா, தந்தை கிளென் புரோசன். இந்த இரண்டு பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வம்சாவளி இருக்கிறது. ரக உருவாக்கத்தில் எதுவும் வெறுங்கையிலிருந்து தொடங்குவதில்லை என்பதால் அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நூட்கா டாபெனியின் சொந்த ரகம். கார்னிவல் என்ற ரகத்தையும் வில்லாமெட்டையும் கலந்து பிறந்தது. வில்லாமெட்டின் பெற்றோர் நியூபர்க், லாயிட் ஜார்ஜ். இந்த லாயிட் ஜார்ஜை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், காட்டோரம் தானாக முளைத்து நின்ற செடி அது. கெட்டில் என்ற பழ விவசாயி அதைக் கண்டெடுத்துப் பரப்பினார், அன்றைய பிரதமரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரு கட்டத்தில் பிரிட்டனில் இருந்த லாயிட் ஜார்ஜ் செடிகளில் வைரஸ் ஏறி, பயிரே நலிந்துபோயிற்று. நல்ல வேளையாக நியூசிலாந்துக்குப் போயிருந்த கன்றுகள் நோயில்லாமல் பிழைத்திருந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவந்துதான் ரகத்தை மீட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய ராஸ்பெரி ரகங்களின் வம்சாவளியை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் எங்காவது ஓரிடத்தில் லாயிட் ஜார்ஜ் நிற்கும். காட்டோரத்தில் ஒருவர் குனிந்து பார்த்த ஒரு செடி.

கிளென் புரோசன் வேறு மண். ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்குப் பக்கத்தில் இன்வர்கௌரி என்ற சிற்றூர். அங்கிருந்த பயிர் ஆய்வு நிறுவனத்தில் டெரெக் ஜென்னிங்ஸ் பல பத்தாண்டுகள் ராஸ்பெரியோடு வாழ்ந்தார் என்றே சொல்லலாம். அவர் உருவாக்கிய கிளென் மாய், கிளென் புரோசன் இரண்டும் 1980-களின் தொடக்கத்தில் வெளியாயின. தண்டில் முள்ளே கிடையாது என்பது அவற்றின் முதல் சிறப்பு. ராஸ்பெரி வரிசைக்குள் கை விட்டுப் பறிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று பறித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பர்னட்ஹோம் என்ற பழைய ரகத்தில் இருந்த ஒடுங்கு மரபணு ஒன்றுதான் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் மரபணு) இந்த முள்ளில்லாத தன்மைக்குக் காரணம். இரண்டாவது சிறப்பு, நம் கதைக்கு முக்கியமானது: கிளென் புரோசனின் பழம் உறுதியாக இருந்தது. மணிகள் சரியவில்லை, எடுத்தால் வடிவம் கெடவில்லை.

ஆக, ஒரு பக்கம் பசிபிக் கரையின் ஈரத்துக்குப் பழகிய, விளைச்சல் தரும் நூட்கா. இன்னொரு பக்கம் உறுதியான பழம் தரும் ஸ்காட்லாந்துச் செடி. கலப்பு நடந்த 1980-இல் டாபெனி உள்ளூர் வம்சத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்காமல் கடல் கடந்த ஒரு செடியைத் தேடி எடுத்தார். என் கணக்கில் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு இதுதான். நட்பாக இருந்த ஆய்வு நிலையங்கள் அந்தக் காலத்தில் கன்றையும் மகரந்தத்தையும் தாராளமாகப் பகிர்ந்துகொண்டன. இன்று பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கும் ரகங்கள் பலவும் அப்படி வெளியே போவதில்லை. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட விவசாயிகளைத் தவிர வேறு யாரும் அவற்றைத் தொட முடியாது.

பூவும் கத்தியும்

ராஸ்பெரிப் பூ இருபாற்பூ. தானே தன்னைச் சூல்கொள்ளச் செய்துவிடும். அதனால் கலப்பு செய்கிறவர் பூவைவிட வேகமாக இருக்க வேண்டும். மொட்டு விரிவதற்கு ஓரிரு நாள் முன்பு, இதழ்களின் வெண்மை லேசாக எட்டிப்பார்க்கும் நேரத்தில் வேலை தொடங்கும். கூரான சிறு கத்தியால் மொட்டின் அடியைச் சுற்றி மெல்லக் கீறினால் புல்லி, அல்லி, மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே வளையமாகக் கழன்று வந்துவிடும். நடுவில் சின்னக் கூம்பும் அதன்மேல் ஊசி ஊசியாக நிற்கும் சூல்தண்டுகளும் மட்டும் மிஞ்சும். கை கொஞ்சம் அழுந்தினால் சூல்தண்டுகள் அறுந்துவிடும். உடனே தேனீ வராமல் உறை கட்ட வேண்டும்.

தந்தைச் செடியின் மொட்டுகளைப் பறித்து, மகரந்தப் பைகளைக் காகிதத்தில் உலர்த்தினால் மறுநாள் வெடித்து மஞ்சள் தூளாகக் கிடைக்கும். ஈரமில்லாமல் குளிரில் வைத்தால் அந்தத் தூள் நீண்ட நாள் கெடாது, தபாலிலேயே அனுப்பலாம். தூரிகையால் அதைத் தாயின் சூல்முடிகளில் தடவுவார்கள். எல்லாச் சூல்முடிகளும் ஒரே நாளில் தயாராவதில்லை என்பதால் இரண்டு மூன்று முறை தடவ வேண்டியிருக்கும். எத்தனை சூல்முடி மகரந்தம் பெற்றதோ அத்தனை மணிதான் உருவாகும். சரியாகச் சேராவிட்டால் பொக்கையும் பள்ளமுமாக ஒரு பழம் வரும். அதைப் பற்றி யாரும் வருந்துவதில்லை, வேண்டியது உள்ளே இருக்கும் விதைதான்.

விதையை முளைக்க வைப்பதும் லேசான வேலை இல்லை. காட்டில் பறவை தின்று, குடலில் ஊறி, குளிர்காலம் முழுக்க மண்ணில் கிடந்து முளைக்கும் விதை இது, ஓடு அவ்வளவு கடினம். ஆய்வுக்கூடத்தில் பறவையின் வேலையை கந்தக அமிலம் செய்கிறது. பனிக்கட்டியில் வைத்த கிண்ணத்தில் சிறிது நேரம் அமிலத்தில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, பிறகு மாதக்கணக்கில் ஈரமான குளிரில் வைப்பார்கள். அதற்கப்புறம்தான் நாற்று.

அந்த நாற்றுகளில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மாங்கொட்டை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் பழமே வரும் என்று யாரும் எதிர்பார்க்காததுபோலத்தான் இதுவும். ராஸ்பெரிக்கு 14 குரோமோசோம்கள், 7 ஜோடி. ஒவ்வொரு விதையிலும் பெற்றோரின் குணங்கள் புதிதாகக் குலுக்கிப் போடப்படுகின்றன. நூட்காவின் மோசமான குணமும் கிளென் புரோசனின் மோசமான குணமும் ஒரே செடியில் சேரலாம், நல்லது இரண்டும் சேரலாம், நடுவில் எப்படி வேண்டுமானாலும் வரலாம். நல்லதாக ஒரு செடி கிடைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. வாழைக்குப் பக்கக்கன்று போல ராஸ்பெரியும் வேரிலிருந்து கன்று தள்ளும். அந்த ஒரே செடியைப் பிரித்துப் பிரித்து உலகம் முழுக்க நடலாம். இன்றைக்கு எந்த நாட்டில் டூலமீன் நின்றாலும் அது ஃபிரேசர் பள்ளத்தாக்கில் தேர்ந்தெடுத்த அந்த ஒற்றைச் செடியின் துண்டுதான்.

ஆனால் அந்தச் செடியைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். ராஸ்பெரித் தண்டு முதல் ஆண்டில் இலைவிட்டு உயரும், இரண்டாம் ஆண்டில் பூத்துக் காய்த்து, பிறகு காய்ந்துவிடும். விதை முளைத்து, வயலில் நட்டு, தண்டு வளர்ந்து, குளிர்காலம் கடந்து, முதல் பழம் நாக்கில் படுவதற்குள் மூன்று ஆண்டு போய்விடும்.

எது நல்ல பழம்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "நல்ல பழம்" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் ஒன்றுக்கொன்று முட்டிமோதும் பல குணங்கள் இருக்கின்றன.

முதலில் அளவு. காட்டு ராஸ்பெரி சுமார் ஒரு கிராம்தான் எடை வரும். பறிப்பவருக்குப் பழத்தின் எண்ணிக்கைப்படி நேரம் போகிறது, கூலி எடைப்படி வருகிறது. அதனால் பழம் பெரிதானால் பறிகூலிக் கணக்கே மாறிவிடும். பெரிய பழத்துக்குக் குறுக்குவழி ஒன்று இருப்பதாக ஒரு காலத்தில் தோன்றியது. மாலிங் ஜுவல் என்ற பிரிட்டிஷ் ரகத்தில் ஒரு செடி மட்டும் திடீரென்று பெரிய பழங்களைத் தந்தது. ஒரே ஒரு மரபணு மாறியிருந்ததே காரணம் என்று ஜென்னிங்ஸ் கண்டுபிடித்து 1961-இல் வெளியிட்டார். அதற்கு எல்-1 என்று பெயரிட்டார். ஒரே மரபணுவில் பெரிய பழம் என்றால் எந்த ரக உருவாக்குநருக்குத்தான் ஆசை வராது! ஆனால் அந்த மரபணு நிலையில்லாதது. சில ஆண்டு பெரிய பழம் தந்த செடி பழைய நிலைக்கே திரும்பிவிடும், சிலவற்றில் பழம் கோணிப்போய் மணி மணியாக உதிரும். ஆசை காட்டிய அந்தக் குறுக்குவழி எதிர்பார்த்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. பிறகு பழம் பெரிதானது பெரும்பாலும் பல சின்னச் சின்ன மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததால்தான். மணிகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூட, ஒவ்வொரு மணியின் பருமன் கொஞ்சம் கூட, என்று.

அடுத்தது உறுதி. பழம் பெரிதானால் உள்ளே குழியும் பெரிதாகும், சுவர் மெல்லியதாக இருந்தால் சரிந்துவிடும். உறுதியைக் கூட்ட, கறுப்பு ராஸ்பெரி என்னும் வட அமெரிக்கச் சிற்றினத்தையும் கலப்பில் இழுத்திருக்கிறார்கள். அதன் பழம் சிறியது, ஆனால் கெட்டியானது. உறுதியோடு சேர்ந்து இன்னொரு தொல்லை வரும்: பழம் கூம்பை விட்டுக் கழலாது. பறிப்பவர் பலமாக இழுப்பார், பழம் பிய்ந்துவிடும். தானாக உதிரும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக்கூடாது, பிடித்து இழுக்கும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. தோட்டத்தில் நடந்தபடியே விரலால் தொட்டுப் பார்த்துத்தான் இதைத் தீர்மானிப்பார்கள்.

பிறகு ருசி. இனிப்பை அளக்கக் கருவி உண்டு, புளிப்பையும் அளந்துவிடலாம். ஆனால் ராஸ்பெரியை ராஸ்பெரி ஆக்குவது மணம். அதில் ராஸ்பெரி கீட்டோன் என்ற பொருளோடு, வயலட் மலரின் வாசம் தரும் அயனோன்கள், ஜெரானியால், லினலூல் எல்லாம் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும். எது எவ்வளவு இருந்தால் நாக்கு மகிழும் என்பதற்கு 1980-களில் வாய்ப்பாடு எதுவும் கிடையாது. ஜூலை மாதக் காலையில் வரிசைக்குள் நடந்து, பறித்து, வாயில் போட்டு, குறித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போவதுதான் வழி. வேண்டாதது பெரும்பாலானவை. ஆயிரம் நாற்றில் பத்தைக்கூட அடுத்த சுற்றுக்கு எடுப்பது பெரிய விஷயம். எடுத்ததைப் பெருக்கி, பல இடங்களில் நட்டு, பல பருவம் பார்த்து, அதில் பெரும்பாலானதையும் கைவிட வேண்டும்.

உறுதியான, பெரிய, பளபளப்பான பழத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ருசியை நழுவவிட்ட ரகங்கள் ஏராளம். கடைக்காரர் முதலில் கேட்பது பழம் தாங்குமா என்றுதான், ருசியைக் கடைசியில்தான் கேட்பார். தக்காளிக்கு என்ன நேர்ந்தது என்று நமக்கே தெரியும். நாட்டுத் தக்காளியின் புளிப்பும் மணமும் லாரியில் தாங்கும் கெட்டித் தக்காளியில் இல்லை. டாபெனியின் குழு அந்த இடத்தில் ருசியை விட்டுவிடவில்லை என்பதால்தான் இந்த ஒரு ரகத்தைப் பற்றி இவ்வளவு எழுதத் தோன்றுகிறது.

1989-க்குப் பிறகு

டூலமீனின் பழம் பெரியது, கூம்பு வடிவம், பளபளக்கும் வெளிர்சிவப்பு. சேமித்து வைத்தாலும் நிறம் அவ்வளவாகக் கறுக்காது. சாம்பல் பூசணத்தை ஓரளவு தாங்கும். பறிக்கும் பருவம் நீளமானது, வாரக்கணக்கில் பழம் வந்துகொண்டே இருக்கும். காய்க்கும் பக்கக்கிளைகள் நீண்டு வெளியே தொங்குவதால் பழம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த இனிப்பும் மணமும். உறைபழத்துக்கு இது சிறந்த ரகமாகக் கருதப்படவில்லை, இயந்திர அறுவடைக்கும் பொருந்தவில்லை. அந்த வேலையை வாஷிங்டன் மாநிலத்தில் உருவான மீக்கர் ரகம் தொடர்ந்து பார்த்துக்கொண்டது. டூலமீன் கைப்பறிப்புக்கும் அப்படியே தின்பதற்கும் என்று தனியாக ஓர் இடம் பிடித்தது.

அந்த இடம் கனடாவைவிட ஐரோப்பாவில் பெரிதாக வளர்ந்தது. 1990-களில் ஐரோப்பிய அங்காடிகளில் புதுப்பழமாக ராஸ்பெரி விற்பது பெருகிக்கொண்டிருந்தது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் டூலமீன் பரவியது. பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வளர்த்தால் மழை படாது, பூசணம் குறையும், பழம் இன்னும் மினுக்கும்.

வேர்

இப்போது டூலமீனின் குறைக்கு வருகிறேன். அதன் வேர் பலவீனமானது. ஈரம் நின்ற மண்ணில் பைட்டோஃப்தோரா என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் நீரில் நீந்திவந்து வேரைப் பிடிக்கும். வேர் அழுகி, கன்று தள்ளுவது நின்று, கோடையில் காய்க்கும் தண்டு பழத்தோடு வாடிப்போகும். ஒருமுறை மண்ணில் குடியேறிவிட்டால் பல ஆண்டுகள் போகாது. ஸ்காட்லாந்தில் 1980-களின் நடுவிலிருந்து இந்த நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. டூலமீன் இதற்கு எளிதில் இரையாகும் ரகம், கடுங்குளிரையும் அவ்வளவாகத் தாங்காது.

தேர்வு நடந்தபோது பார்வையெல்லாம் பழத்தின் மேல் இருந்தது, வேர் மண்ணுக்குள் இருந்தது. நோயில்லாத நல்ல வடிகால் நிலத்தில் நின்ற செடி தன் வேரின் குணத்தை எப்படிக் காட்டும்? வேரழுகலைத் தேர்வின் தொடக்கத்திலேயே சோதிக்க, நோய் இருக்கும் மண்ணில் வேண்டுமென்றே நாற்றை நட்டுச் சாகவிட வேண்டும். அப்படிச் செய்தால் டூலமீன் அங்கேயே செத்திருக்கலாம். அந்த ருசியை யாரும் அறியாமலே போயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு எந்தத் தரப்பிலும் உறுதியாக நிற்க முடியவில்லை. நோய்த் தோட்டத்தில் பணத்தை இழந்த விவசாயியின் இடத்தில் இருந்து பார்த்தால் இந்த ரகத்தை வெளியிட்டிருக்கவே கூடாது என்றும் தோன்றும்.

ஆனால் நடந்தது வேறு. இந்தப் பழத்தை விட மனமில்லாத விவசாயிகள் செடியை மண்ணை விட்டே தூக்கிவிட்டார்கள். நெதர்லாந்தில் வளர்ந்த முறை இது: நாற்றங்காலில் ஓராண்டு வளர்த்த நீண்ட தண்டுகளைக் குளிர் அறையில் உறங்கவைத்து, வேண்டிய மாதத்தில் வெளியே எடுத்துத் தொட்டியில் வைத்துக் கூடாரத்துக்குள் நிறுத்தினால் சில மாதத்தில் பழம். பறித்து முடிந்ததும் செடியை அகற்றிவிடலாம். குளிர் அறையிலிருந்து எப்போது எடுக்கிறோமோ அதற்கேற்பப் பழம் வரும் மாதமும் மாறும். தொட்டியில் மண் இல்லை, எனவே மண்ணில் குடியிருக்கும் நோயும் பெருமளவு இல்லை. குளிர்காலத்துப் பனிக்கும் செடியைக் காட்ட வேண்டியதில்லை. டூலமீன் இந்த முறைக்கு மிகவும் பொருந்தியது. அதன் இரண்டு பலவீனங்களையும் இந்த முறை ஒரே நேரத்தில் மறைத்தது.

தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடுவது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் நார் பிரித்த பிறகு ஒரு காலத்தில் மலைபோலக் குவிந்து கிடந்த அதே கழிவுதான். உப்பு போகக் கழுவி, கட்டியாக அழுத்தி, தூத்துக்குடி வழியாகவும் கொச்சி வழியாகவும் கப்பலேறுகிறது. இலங்கையிலிருந்தும் பெருமளவு போகிறது. ஐரோப்பாவின் பெரிக் கூடாரங்கள் அதற்கு முக்கியமான வாடிக்கையாளர்கள். கனடாவில் பிறந்த, ஸ்காட்லாந்துத் தந்தையின் பிள்ளையான ஒரு செடி, நம் ஊர்த் தேங்காய் மட்டையின் துகளில் வேர்விட்டு நிற்கிறது.

நம் மலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரி, பழனி மலைகளில் காட்டு ராஸ்பெரிச் சிற்றினங்கள் தாமாகவே வளர்கின்றன. அவற்றில் ஒன்றை உலகம் மைசூர் ராஸ்பெரி என்றே அழைக்கிறது. பழுத்தால் கருநீலம், மேலே சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். டூலமீன் போன்ற செடிகள் குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உறங்கினால்தான் பூக்கும். மைசூர் ராஸ்பெரிக்கு அந்தக் குளிர் தேவையில்லை, வெப்பமான ஃபுளோரிடாவில்கூட அதை வளர்க்கிறார்கள். அந்தக் குணத்துக்காக ரக உருவாக்குநர்கள் இதைக் கவனிப்பது நியாயமே. ஆனால் கட்டுக்கு அடங்காத செடி, கலாபகோஸ் தீவுகளில் நுழைந்து உள்ளூர்த் தாவரங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

வேரைத் தேடிய வழி

வேரழுகலுக்கு ரகத்திலேயே விடை காண முயன்றவர்கள் இன்வர்கௌரியில்தான் மும்முரமாக இருந்தார்கள். (அந்த நிறுவனம் 2011-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனம் ஆனது.) அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவாகி 1920-இல் வெளியான லேதம் என்ற ரகத்துக்கு வேரழுகலைத் தாங்கும் சக்தி இருந்தது. பழம் இன்றைய கடைக்குப் போதாது. அதை நல்ல பழம் தரும் கிளென் மாயோடு கலந்து, பிறந்த நாற்றுகளை வைத்து அங்கிருந்த ஆய்வாளர் ஜூலி கிரஹாமின் குழு சிவப்பு ராஸ்பெரிக்கு ஒரு மரபணு வரைபடம் வரைந்து 2004-இல் வெளியிட்டது. வேரழுகலை எதிர்க்கும் குணத்துடன் சேர்ந்தே வரும் ஓர் அடையாளக் குறியை மரபணுத் தொகுதியில் அந்த வழியில் பிடித்தார்கள். இனி நாற்றைச் சாகவிட்டுப் பார்க்க வேண்டாம், இலைத் துணுக்கு ஒன்றில் அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எதிர்ப்பு உள்ள நாற்றை மட்டும் வயலுக்கு அனுப்பி, பிறகு பழத்தை ருசித்துத் தேர்ந்தெடுக்கலாம். இப்படித் தேர்ந்தெடுத்த கிளென் மோர் ரகம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியானது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, வேரைப் பற்றிய கேள்வி முதலிலேயே முடிந்துவிடுவதுதான். வயலுக்கு வந்த செடிகளில் எல்லாவற்றுக்கும் வேர் தாங்கும் என்று தெரிந்த பிறகு, தேர்வாளரின் முழுக் கவனமும் பழத்துக்கே கிடைக்கிறது. ருசிக்கும் இப்படி ஓர் அடையாளக் குறி கண்டுபிடிக்க முயற்சிகள் நடக்கின்றன. மணப்பொருள் ஒவ்வொன்றையும் எந்த மரபணுப் பகுதி கூட்டுகிறது, குறைக்கிறது என்று தேடுகிறார்கள். ஆனால் ஒரே செடியின் பழமே வெயில் நாளில் ஒரு மாதிரி, மழைக்கு அடுத்த நாள் ஒரு மாதிரி மணக்கும். அதனால் கடைசிச் சுற்றில் இன்றும் ஆட்கள் வரிசைக்குள் நடந்து வாயில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். அந்த வரிசைகளின் நடுவே ஒப்பீட்டுக்கென்று சில பழைய ரகங்களையும் நட்டுவைப்பது வழக்கம். ருசிக்கு எதை நடுவது என்று வரும்போது, 1989-இல் வெளியான அந்தச் செடிதான் இன்னும் பல தோட்டங்களில் நிற்கிறது.